லூர்தம்மா: நாங்கள் எடுக்காமல் விட்ட படம்

அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ஈர மாவு. மேசைமேல் இருந்த செல்பேசி அடித்து நின்றது, மறுபடி அடித்தது, மூன்றாம் முறையும் அடித்தது. நர்ஸ் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஜெயராணி அக்கா சார், சிதம்பரத்துலருந்து" என்றார். பாதியில் கையை எடுத்தால் மாவு இறுகிவிடும் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "டாக்டர், அம்மாவுக்குத் திடீர்னு மூச்சு வாங்குச்சு, ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டாங்க" என்று அந்தப் பெண் அழுதது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. என் கைகள் கட்டை ஒழுங்காகவே முடித்தன. பிறகு என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அந்த ஆசிரியை தன் நல்ல கையால் என் தோளைத் தொட்டு, "நீங்க கெளம்புங்க சார், நான் காய வச்சிக்கிறேன்" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

லூர்துமேரி அம்மாள் யார் என்பதை எங்கள் மருத்துவமனைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூரில் ஒரு சிறிய எலும்பு மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தவர். நான் அதே மருத்துவமனையின் எலும்பு மருத்துவன், அவரைவிட ஏழு வயது இளையவன். நோயாளிகளுக்கு அவர் 'எக்ஸ்ரேம்மா', எங்களுக்கு லூர்தம்மா. கணவர் சவரிமுத்து, அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஜெயராணி, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர்.

முப்பதாம் நாள் பூசையன்று கொடுப்பதற்காக ஊழியர்கள் ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய நேரந்தவறாமையையும் அன்பையும் மற்றவர்கள் எழுதுவார்கள், அவ்வளவும் உண்மை. நான் எழுத வேண்டியது வேறு. லூர்தம்மா இறந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்து நான் நான்கு பக்கம் புகழ்ந்து எழுதினால் அதைப் படிக்கிற முதல் ஆளாக அவரே சிரித்திருப்பார். முழுதும் தெரியாத படத்தைக் கையில் வாங்கவே மாட்டார் அவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அப்போது இன்னும் சீக்கிரம் வரும். கணுக்கால் வீங்கி வந்த ஒரு லாரி ஓட்டுநரைக் கணுக்கால் படம் எடுக்க அனுப்பினேன். முழங்கால் வரைக்கும் சேர்த்து எடுத்து அனுப்பியிருந்தார். படத்தைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போய், "நான் எழுதுனத எடுத்தா போதாதா?" என்று கேட்டேன். அவர் பதறவில்லை. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பில் விரலை வைத்தார். அங்கே சாய்வாக ஒரு முறிவு. கணுக்காலில் பட்ட முறுக்கு மேலே ஏறி அங்கே உடைத்திருந்தது. அது தெரியாமல் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் அந்த மனிதர் ஆயுசுக்கும் நொண்டியிருப்பார். என் மூக்கு உடைந்தது.

"வலிக்கிற எடம் ஒண்ணா இருக்கும், ஒடஞ்ச எடம் ஒண்ணா இருக்கும் டாக்டர்," என்றார். "அதனால எனக்கு ஒரு கணக்கு. எந்த எலும்பா இருந்தாலும் ரெண்டு பக்கம் எடுக்கணும், மேல ஒரு மூட்டு கீழ ஒரு மூட்டு முழுசாத் தெரியணும். நடுவுல ஒரு எடத்தையும் உடக் கூடாது."

இந்தக் கடைசி வார்த்தையை நான் இப்போதெல்லாம் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே எடுப்பவர்கள் பொதுவாகப் படத்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி. லூர்தம்மா அதைப் படிப்பார். முறிந்த இடத்தைப் பார்த்து, உடைந்து எத்தனை வாரம் ஆகிறது என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாக இருக்கும். பொய்த் தேதி சொல்லி வருகிறவர்கள் அவரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார்கள். நோயாளிகளுக்கு எலும்பு எப்படிச் சேருகிறது என்று விளக்குவதும் அவர்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் வந்திருந்தார். முன்கை முறிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, கட்டைப் பிரித்துவிடுங்கள், கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் கத்திப் பார்த்துவிட்டு லூர்தம்மாவிடம் அனுப்பினேன். அவர் அந்த ஆளின் படங்களை வரிசையாக மாட்டினார்.

"ஒடஞ்ச அன்னிக்கு ரெண்டு முனைக்கும் நடுவுல ரத்தம் உறைஞ்சி நிக்கும்ண்ணே. அங்கருந்துதான் எல்லாம் ஆரம்பம். அது படத்துல தெரியாது. அப்புறம் குருத்தெலும்பு மாதிரி மெதுவா ஒண்ணு வந்து ரெண்டு முனையும் புடிச்சிக்கும். அதுவும் தெரியாது. இதோ, லேசா புகை மாதிரி தெரியுதே, இப்பத்தான் அதுல சுண்ணாம்பு ஏறுது."

"அப்ப ஒட்டிக்கிச்சில்ல எக்ஸ்ரேம்மா?"

"ஒட்டிக்கிச்சி. ஒட்டுன எடத்துல முண்டா நிக்கும். அதத் தின்னு செதுக்குறதுக்குன்னு உடம்புல ஒரு செல் இருக்கு. அது தின்னுகிட்டே முன்னால போவும், பின்னாடியே கட்டுற செல் வந்து புதுசா கட்டிக்கிட்டு வரும். ரெண்டும் வேலைய முடிக்க மாசக்கணக்கா ஆவும். அதுக்குள்ள நீங்க வலைய இழுத்தீங்கன்னா மறுபடியும் இங்கதான் வருவீங்க."

"எலும்பைத் தின்னுதா? நம்ம உடம்புலயே இருந்துகிட்டா?"

"தின்னாத்தாண்ணே கட்டும்."

அந்த மனிதர் முகம் வெளிறிப்போய் இன்னும் ஐந்து வாரம் கட்டோடு இருந்தார். எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

லூர்தம்மா சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரிவதற்கு அது வேண்டும். எலும்பு காய்ந்த கட்டை அல்ல. நாம் நடக்கும்போதும் படி ஏறும்போதும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எலும்புக்குள்ளேயே புதைந்து, நூல் போன்ற கைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வாழும் செல்கள் உண்டு. கீறல் விழுந்த இடத்தை அவைதான் முதலில் அறிகின்றன. அவை அழைத்ததும் தின்னும் செல்கள் வந்து, பழுதான பகுதியை அமிலம் சுரந்து கரைத்துக் குழியாக்குகின்றன. குழியின் அடியில் கட்டும் செல்கள் வரிசையாக அமர்ந்து முதலில் நார் பின்னுகின்றன, பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறது. முறிந்த எலும்பு சேர்வதும், முறியாத எலும்பு முறியாமல் இருப்பதும் இந்த வேலையால்தான். சாலை போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே ஊற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லூர்தம்மாவுக்கு ஐம்பத்தொரு வயதில் மணிக்கட்டு முறிந்தது. மாதா கோயில் வளாகத்தில் மழை ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். சாதாரண முறிவு. நான்தான் கட்டுப் போட்டேன். எலும்பின் அடர்த்தியைச் சோதித்ததில் வயதுக்கு மீறிக் குறைந்திருந்தது. மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிட்டவர் அவர். அப்படிப்பட்டவர்களுக்குத் தின்னும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்யும். அவற்றை அடக்குவதற்கு வாரம் ஒரு மாத்திரை உண்டு. எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடியே ஒரு துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்தேன்.

அது நல்ல மாத்திரைதான். எத்தனையோ பேரை இடுப்பு எலும்பு முறிவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, இன்றும் எழுதுகிறேன். ஆனால் அதைக் காலவரையில்லாமல் கொடுக்கக் கூடாது. ஐந்து வருடம் ஆனதும் நிறுத்தலாமா, தொடரலாமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நோயாளி என்றால் அவருக்கு ஒரு கோப்பு இருக்கும், முதல் தேதி அதில் இருக்கும், திறந்தவுடன் கண்ணில் படும். எங்கள் ஊழியர்கள் யாருக்கும் கோப்பு கிடையாது. சீட்டுப் போட்டு வரிசையில் நிற்பதை எங்கள் ஆட்கள் கௌரவக் குறைவாக நினைப்பார்கள், நாங்களும் அவர்களை நிற்க விட்டதில்லை. நடைவழியில் நிறுத்தி, "டாக்டர், இத கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நடந்துகொண்டே பார்ப்போம். அதைச் சலுகை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பலரால் இது முடியாமல் பாதியில் விட்டுவிடுவார்கள். லூர்தம்மா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். "நற்கருணை வாங்க எப்படியும் வெறும் வயித்தோடதான் போறேன் டாக்டர். மாத்திரையப் போட்டுட்டுக் கோயிலுக்கு நடந்தா அரைமணி ஆயிடுது. ரெண்டும் ஒத்துப்போவுது," என்றார். பூசைக்குப் போகாத ஞாயிறு அவருக்குக் கிடையாது. அதனால் மாத்திரை தவறிய ஞாயிறும் கிடையாது. என் நோயாளிகளில் இவ்வளவு ஒழுங்காக அதை விழுங்கியவர் வேறு யாரும் இல்லை.

முதல் மாதத்தில் ஒரு கேள்வி கேட்டார். "திங்கிறவனத் தூங்க வச்சிடறீங்க. பின்னாடி வந்து கட்டுறவன் அப்ப என்ன பண்ணுவான்?"

"அதெல்லாம் கண்டுபுடிச்சவன் யோசிக்காமயா இருப்பான்," என்று சொல்லிவிட்டு நான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டேன்.

வருடங்கள் போயின. மாத்திரை தீர்ந்தால் நடைவழியில் கேட்பார், "தொடரவா டாக்டர்?" என்று. "தொடருங்க" என்பேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள், துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மா என்னை வாசலில் பிடித்து, வலது தொடையில் ஒரு வலி இருக்கிறது என்றார். உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறது, நடக்க நடக்கக் குறைகிறது, ராத்திரி இல்லை. நானும் அவசரத்தில் இருந்தேன். "முதுகு நரம்பு. வயசாவுதில்ல, ஒரு படம் எடுத்துடுங்க," என்றேன். முதுகை எடுத்தார்கள். அறுபது வயதுக்காரர் முதுகில் என்ன இருக்குமோ அது இருந்தது. பயிற்சி செய்யச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து வலி முழங்கால் பக்கம் இறங்குகிறது என்றார். முழங்காலை எடுத்தோம். அங்கேயும் கொஞ்சம் தேய்மானம், அதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மேலே முதுகை எடுத்தோம், கீழே முழங்காலை எடுத்தோம். நடுவில் இருந்த தொடையை எடுக்கவில்லை. எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், நிச்சயம் தோன்றியிருக்கும். ஆனால் எக்ஸ்ரே எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, தங்களுக்கென்று ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எனக்கு எதுக்கு டாக்டர் இன்னொண்ணு? இருபத்தஞ்சு வருஷமா வாங்குன கதிர் பத்தாதா?" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். மாத்திரையை அப்போதும் தொடரச் சொன்னேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டு, பொத்தானை அழுத்துவதற்காகத் தடுப்புக்குப் பின்னால் போகத் திரும்பினார். திரும்பியது மட்டும்தான். சத்தம் வெளியே வரைக்கும் கேட்டதாக ஊழியர்கள் சொன்னார்கள். தரையில் ஈரம் இல்லை, கால் எதிலும் இடறவில்லை. தொடை முறிந்தது, அதனால் விழுந்தார். கீழே கிடந்தபடி முதலில் சொன்னது, "மேசையில இருக்கிறவரப் புடிங்க, பயந்து எறங்கிடப் போறாரு" என்பதுதான்.

இளைய டெக்னீஷியன் ரேவதி படம் எடுத்தார். இப்போதெல்லாம் படம் உடனே கணினித் திரையில் வந்துவிடுகிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த லூர்தம்மா திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதும் சாக்கட்டி உடைந்தது போல எலும்பு குறுக்கே நேராக முறிந்திருந்தது. முறிந்த இடத்தின் வெளிப்பக்கத்தில் புடைப்பாக ஒரு சிறிய முண்டு.

அவர்தான் பேசினார்.

"டாக்டர், இந்த முண்டு இன்னிக்கி வந்ததில்ல. ஒரு வருஷமாவது இருக்கும்."

வாழ்நாள் முழுதும் பிறருடைய முறிவுக்குத் தேதி சொன்னவர் தன்னுடையதற்கும் சொல்லிவிட்டார். கீறல் விழுந்து, அதைத் தின்று சரிசெய்ய ஆள் வராமல், எலும்பு தன்னால் முடிந்த அளவுக்கு வெளியே பூசிப் பார்த்த இடம் அது. ஒரே ஒரு தொடைப் படம் எடுத்திருந்தால் அந்த முண்டு தெரிந்திருக்கும். மாத்திரையை நிறுத்தி, முறிவதற்கு முன்பே கம்பி வைத்திருக்கலாம்.

அடுத்து, "அந்தக் காலையும் எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

இடது தொடையிலும் அதே இடத்தில், அதே பக்கத்தில், சற்றுச் சிறியதாக ஒரு முண்டு இருந்தது. அதற்குள் மயிரிழையில் ஒரு கோடு ஓடியது.

வலது தொடைக்குள் நீளமான கம்பி வைத்து மறுநாளே அறுவை செய்தேன். இடதுக்கும் வைத்துவிடலாம் என்று கெஞ்சினேன். "மொதல்ல இது சேரட்டும். ஒரு காலாவது முழுசா எனக்குன்னு இருக்கட்டும் டாக்டர்," என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான். வலது சேர்வதற்குள் இடது முறியக் கூடாது. வலது சேர்ந்தால்தான் இடதின் பாரம் குறையும். ஆனால் மாத்திரையை நிறுத்தினாலும் அது எலும்புக்குள் வருடக்கணக்கில் தங்கியிருக்கும், தின்னும் செல்கள் விழிக்க வெகுநாள் ஆகும், இப்படிப்பட்ட முறிவு சேர்வதும் தாமதமாகும். கட்டும் செல்களைத் தூண்டுவதற்குத் தினமும் ஓர் ஊசி எழுதினேன்.

கடலூரில் அவர்கள் இருந்தது மாடி வீடு. அதனால் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தெற்கு வீதிக்குப் பின்னால் தரைத்தள வீடு. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினோரு அடி. அதை வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் கடக்கும்போதெல்லாம் சவரிமுத்து இரண்டு கையையும் விரித்தபடி பின்னாலேயே போவார். ஊசியை ஜெயராணி போட்டார். வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேசினால் அந்தக் கால் முறிந்துவிடும் என்பது போல இருந்தார்கள்.

ஆறாவது வாரம் அங்கேயே ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முறிவின் நடுவே கறுப்பாக இருந்தது. நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே அழைத்துப் பேசினார். "ஒண்ணும் வரல டாக்டர். கறுப்பாத்தான் இருக்கு." பத்தாவது வாரமும் அதேதான். "இந்நேரம் வேற யாருக்காவதா இருந்தா நடக்கச் சொல்லியிருப்பேன்," என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். சவரிமுத்து எனக்காகக் காபித்தூள் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஜெயராணி அடுக்களையில். லூர்தம்மா கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினி வருஷம்னு எண்ணிப் பாத்தீங்களா டாக்டர்?"

"ஒம்போது."

"அஞ்சுல நிறுத்தியிருக்கணும், இல்ல?"

"நிறுத்தறதப் பத்தி யோசிச்சிருக்கணும். யோசிக்கல. தொடை வலின்னு சொன்னப்பவாவது எனக்குப் பொறி தட்டியிருக்கணும்."

அவர் கோபப்படவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. "எழுதுனது நீங்க, முழுங்குனது நான். படம் எடுக்காதது ரெண்டு பேரும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு எதுவும் தெரியாது. எதையோ தூக்கிட்டேன், அதனாலன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. வீட்டுல தண்ணிக்கொடம் தூக்க உட்டது தன் தப்புன்னு தெனமும் சொல்றாரு. அவருகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்," என்றேன்.

சவரிமுத்து வந்தார். காபி குடித்தேன். சொல்லவில்லை. வாசல் வரை வந்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கன்ற தைரியம்தான் சார்," என்றார். அப்போதும் சொல்லவில்லை.

பதினான்காவது வாரம் படம் எடுத்தார்கள். அன்று காலை புறநோயாளிகள் நேரத்தில் அவரே அழைத்தார். குரல் வேறாக இருந்தது. "வந்துடுச்சி டாக்டர். வெளிப்பக்கம் பாருங்க. லேசாத்தான், ஆனா வந்துடுச்சி." பெரிதாக்கிப் பார்த்தேன். முறிவின் விளிம்பில் மங்கலாக ஒரு வெண்மை. செல்கள் வேலைக்குத் திரும்பியிருந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ரேவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அழுதார். மருத்துவமனை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

நான்காம் நாள் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மாதக்கணக்கில் அதிகம் அசையாமல் இருந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இரண்டு காலும் அப்படியே இருந்தன. எந்தக் காலை நினைத்து நாங்கள் பயந்துகொண்டிருந்தோமோ அது முறியவே இல்லை. எலும்பு சேர்வதற்கு முதல் படி ரத்தம் உறைவது. உறைந்தது வேண்டிய இடத்தில் எலும்பாக மாதக்கணக்கில் தவித்த உடம்பில், வேண்டாத இடத்தில் உறைந்தது ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

கடலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மண் போட்டபின் கூட்டம் கலையும்போது சவரிமுத்து என் அருகில் வந்தார்.

"ரத்தக் கட்டுன்னாங்க சார், அது புரியுது. கால் ஏன் ஒடஞ்சிது? ஒடஞ்சப்புறம்தானே அவ விழுந்தா."

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. நான் சுற்றிலும் பார்த்தேன். எங்கள் மருத்துவமனை ஆட்கள் நின்றிருந்தார்கள். "எலும்பு ரொம்ப வீக்கா இருந்துச்சு. வயசுதான்," என்று பூசி மெழுகினேன். அவர் தலையசைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் தணியவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புத் திறந்தேன். சீட்டுப் போடாமல் இனி யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். இதே மாத்திரையை ஏழு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்த ஒரு வார்டு ஆயாவைக் கண்டுபிடித்தேன். தொடை வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கொஞ்சம் இருக்கு சார், உங்ககிட்டதான் சொன்னேனே" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு தொடையையும் அன்றே எடுத்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மாத்திரையை நிறுத்தி, அவரை மாதந்தோறும் பார்த்துவருகிறேன். இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது இப்படி வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள் என்றால், தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லுங்கள். தொடை வலித்தால் தொடையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை சிதம்பரம் போனேன். அச்சில் வந்த பிறகு சவரிமுத்து இதை மற்றவர்களோடு சேர்ந்து படிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் மகள் வீட்டில்தான் இருக்கிறார். ஜெயராணியையும் உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் குறுக்கிடவில்லை. வாசித்து முடித்ததும் என் தவறுதான், தண்ணீர்க் குடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்லிட்டா சார்," என்றார். "நீங்க வந்துட்டுப் போனீங்களே ஒரு ஞாயித்துக்கெழம, அன்னிக்கே சொல்லிட்டா. நீங்க போனப்புறம் ரெண்டு மணி நேரம் எம்மொகத்தையே பாத்துட்டு, நீங்க சொல்லாம போயிட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம் சொன்னா. 'டாக்டரு வந்து சொல்லுவாரு, அவரா சொல்ற வரைக்கும் நீங்க கேட்டுடாதீங்க'ன்னா. நான்தான் பொறுக்க முடியாம அன்னிக்குக் கல்லறையில கேட்டுட்டேன்."

தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "நான் அங்க சொன்ன பதிலக் கேட்டப்ப என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனைக்கல சார். இன்னும் கொஞ்ச நாள் ஆவும் போலன்னு நெனச்சேன்."

லூர்தம்மா, சொல்லிவிட்டேன். நாள் கூடிப்போனதற்கு மன்னியுங்கள். போய் வாருங்கள்.